எஞ்சின் இல்லாமல் திண்டிவனம் வரை

மே மாதத்தில் ஒரு நாள், காலை எட்டு மணிக்குத் தாம்பரத்தில் ஒரு பருந்தைக் கவனியுங்கள். நாலைந்து தடவை சிறகடிக்கும், சற்றே சறுக்கும், மறுபடியும் சிறகடிக்கும். இறைச்சிக் கடைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதே பருந்தைப் பதினொரு மணிக்குத் தேடினால் வானத்தில் ஒரு கரும்புள்ளியாகத் தெரியும். இறக்கையை ஒரு முறைகூட அசைக்காமல், வட்டமிட்டுக்கொண்டே மேலே மேலே போய்க்கொண்டிருக்கும். இந்த மூன்று மணி நேரத்தில் பருந்துக்குப் புதிய வலிமை எதுவும் வந்துவிடவில்லை. மாறியிருப்பது காற்று.

இந்த மாற்றத்தை நம்பித்தான் எஞ்சின் இல்லாத விமானங்களும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கின்றன. அவற்றைக் கிளைடர் என்றும் சறுக்கு விமானம் என்றும் சொல்கிறோம். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இந்தப் பறப்புக்கு ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் கடற்காற்று, சறுக்கு விமானியின் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால் அந்தக் கடற்காற்றின் விளிம்பைப் போல் ஓர் அருமையான பாதை அவனுக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை. இது எப்படி என்பதைத்தான் இங்கே காணப் போகிறோம்.

பருந்தைப் பார்த்த அறிஞர்கள்

சிறகடிக்காத பறவை எப்படி உயரத்தில் நிலைக்கிறது என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலரை வாட்டியது. 1883-இல் ஆங்கில இயற்பியலறிஞர் ராலே பிரபு இதற்கு ஒரு தெளிவான விடை தந்தார். சீராகவும் கிடையாகவும் வீசும் காற்றில், இறக்கை அசைக்காத பறவை தன் உயரத்தைக் காத்துக்கொள்ளவே முடியாது. ஆகவே அப்படி ஒரு பறவை வெகுநேரம் உயரத்தில் இருந்தால், ஒன்று அது மெல்ல இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். அல்லது காற்று மேல்நோக்கி வீச வேண்டும். அல்லது காற்றின் வேகம் இடத்துக்கு இடம் மாற வேண்டும். நான்காவது வழி இல்லை. இது வெறும் ஆற்றல் கணக்குதான். செலவழிக்கிற ஆற்றலை எங்கிருந்தாவது பெற்றாக வேண்டும் அல்லவா?

இந்தக் கேள்வியை வெயிலில் நின்று ஆராய்ந்தவர் நம் நாட்டில் பணியாற்றிய ஹாங்கின். ஆக்ராவில் அரசின் இரசாயனப் பரிசோதகராக இருந்தவர் அவர். கங்கை, யமுனை நீருக்குக் காலராக் கிருமிகளைக் கொல்லும் திறன் உண்டு என்று 1896-இல் எழுதியவரும் அவரே. பருந்து, கழுகு, நாரை ஆகியவை காலையில் எத்தனை மணிக்கு வட்டமிடத் தொடங்குகின்றன என்று அவர் நாள்தோறும் குறித்துவைத்தார். முதலில் எழும்புபவை இலேசான பருந்துகள். கனமான பிணந்தின்னிக் கழுகுகள் பிறகுதான் எழும்பும். இவற்றையெல்லாம் தொகுத்து 1913-இல் ஒரு நூலும் வெளியிட்டார். வெயிலுக்கும் வட்டமிடுதலுக்கும் தொடர்பு உண்டு என்பதை அவர் ஐயமின்றிக் கண்டுகொண்டார். ஆனால் ஏறும் காற்று என்ற விளக்கம் மட்டும் அவருக்கு நிறைவு தரவில்லை.

அந்த விளக்கத்துக்காக வாதாடியவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர். பருவமழையை ஆராயப் போய்ப் பசிபிக் கடலின் காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டறிந்த அதே வாக்கர்தான். வெப்பநாட்டுப் பறவைகளின் சிறகடிக்காத பறப்புக்குச் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றே காரணம் என்று 1920-களில் அவர் விளக்கினார். அதே பத்தாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் மனிதர்களும் பருந்தின் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். 1929-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ராபர்ட் கிரோன்ஃபெல்ட் சறுக்கு விமானத்தில் 100 கி.மீ. தொலைவைத் தாண்டினார். விமானம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று உடனுக்குடன் காட்டும் வேரியோமீட்டர் என்ற கருவி அவருக்குப் பேருதவி செய்தது. பருந்துக்கு அந்தக் கருவி தேவைப்படவில்லை.

நம் நாட்டிலும் சறுக்கு விமானங்கள் வடிவமைக்கப்பட்டன. எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணி 1961-இல் முதன்முதலாகப் பறந்தது. ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமரும் மர விமானம் அது. என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் பலர் அதில்தான் முதன்முதலாக வானத்தைத் தொட்டார்கள்.

வெப்பத் தூண்

காலை வெயில் தரையை ஒரே சீராகச் சூடாக்குவதில்லை. பாறைக் குன்று, காய்ந்த ஏரி, தார்ச்சாலை, விமான ஓடுபாதை ஆகியவை விரைவில் சூடாகின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்ப்பரப்பும் மெதுவாகவே சூடாகின்றன. சூடான இடத்தின் மேலுள்ள காற்று விரிந்து இலேசாகி மேலெழும்புகிறது. இதுவே வெப்பத் தூண்.

ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டில் என்ன பெரிய இலேசு வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போமே. நீளம், அகலம், உயரம் மூன்றும் 100 மீட்டர் உள்ள காற்றுப் பெட்டி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பருமன் 10 இலட்சம் கன மீட்டர். கோடைக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.1 கிலோகிராம் என்பதால், பெட்டியிலுள்ள காற்றின் நிறை 1,100 டன். வெப்பநிலை 310 கெல்வினாக இருக்கையில் ஒரு டிகிரி கூடினால் அடர்த்தி 310-இல் ஒரு பங்கு குறையும். ஆகவே மூன்றரை டன் அளவுக்கு மிதப்பு விசை கிடைக்கிறது! கண்ணுக்குத் தெரியாத காற்று ஒரு சிறிய லாரிச் சுமையைத் தூக்கத் தயாராக நிற்கிறது.

பருந்து ஒன்பதரை, பத்து மணிக்கே எழும்பிவிட, சறுக்கு விமானம் பதினொரு மணிவரை ஏன் காத்திருக்க வேண்டும்? எடை ஒரு காரணம். வட்டத்தின் ஆரம் அதைவிட முக்கியமான காரணம். வளைந்து திரும்பும் எந்தப் பறப்புக்கும், வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தாலும் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டாலும் வகுத்தால் ஆரம் கிடைக்கும். நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் 25 டிகிரி சாய்ந்து திரும்பும் பருந்துக்கு ஆரம் 18 மீட்டர்தான். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் 40 டிகிரி சாய்ந்து திரும்பும் சறுக்கு விமானத்துக்கு அது 76 மீட்டர். காலையில் பிறக்கும் தூண்கள் மெலிந்தவை. பருந்து அவற்றுக்குள் அடங்கிவிடும். விமானமோ பாதி வட்டத்துக்கு வெளியே போய்விடும். ஹாங்கின் குறித்துவைத்த கால அட்டவணையின் இரகசியத்தில் பாதி இதற்குள் இருக்கிறது.

நன்கு வளர்ந்த தூணில் காற்று நொடிக்கு 3 மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானம் அந்தக் காற்றுக்குள் நொடிக்கு 1 மீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும். மிச்சம் 2 மீட்டர் இலாபம். 8 நிமிடத்தில் 1 கி.மீ. உயரம் சேர்ந்துவிடும். சேர்த்த உயரத்தைச் செலவழித்து அடுத்த தூணைத் தேடிச் சறுக்க வேண்டியதுதான். பழைய மர விமானங்கள் 1 கி.மீ. உயரத்துக்கு 20, 25 கி.மீ. தொலைவு போகும். இன்றைய நல்ல விமானங்கள் 35, 40 கி.மீ.கூடப் போகும். ஏறுவது, சறுக்குவது, மறுபடி ஏறுவது: நெடும்பயணம் முழுவதும் இந்த வரவு செலவுதான். ஏறும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 70 கி.மீ. அளவில் நிற்கும்.

கோடையும் கடலும் மோதும் இடம்

திசைக்கு ஒரு பெயர் வைத்து நம் முன்னோர் காற்றை அழைத்தார்கள். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. மே, சூன் மாதங்களில் தாம்பரத்தில் காலையில் வீசுவது அந்தக் கோடைக் காற்று. உள்நாட்டுச் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வரும் உலர்ந்த மேல்காற்று அது. இதற்கு எதிராகத்தான் கடற்காற்று புறப்படுகிறது.

தரை சூடானால் அதன் மேலுள்ள காற்று விரிகிறது. கடலின் மேலுள்ள காற்று அப்படியே குளிர்ந்தும் கனமாகவும் இருக்கிறது. கனமான காற்று இலேசான காற்றுக்கு அடியில் நுழைகிறது. பாடநூல் விளக்கம் இவ்வளவே. ஆனால் இதைப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் கடற்காற்றை ஒரு மெல்லிய, பரவலான ஓட்டமாக மனத்தில் வரைந்துகொள்கிறார்கள். உண்மையில் அதற்குக் கூர்மையான ஒரு முன்விளிம்பு உண்டு. அதைக் கடற்காற்று முகப்பு என்கிறோம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடித் தொட்டி ஒன்றின் நடுவில் அட்டைத் தடுப்பு வையுங்கள். ஒரு பக்கம் சாதாரண நீர், மறுபக்கம் மை கலந்த உப்பு நீர் ஊற்றுங்கள். தடுப்பை மெதுவாக மேலே உருவினால், மை நீர் அடியோடு படர்ந்து ஓடும். அதன் முன்னால் உருண்டு பருத்த ஒரு தலை இருப்பதையும், அந்தத் தலை எதிரிலுள்ள தெளிந்த நீரை மேலே தள்ளுவதையும் காண்பீர்கள். இங்கிலாந்தின் ஜான் சிம்ப்சன் இத்தகைய தொட்டிகளில்தான் கடற்காற்றை ஆராய்ந்தார். தொட்டியில் கண்டதை வானத்தில் சரிபார்க்க அவர் சறுக்கு விமானங்களைப் பயன்படுத்தினார்.

முகப்பின் வேகத்தையும் கணக்கிடலாம். உள்நாட்டுக் காற்று 39 டிகிரி, கடற்காற்று 33 டிகிரி என்போம். வேறுபாடு 6 டிகிரி. ஆனால் ஈரக் காற்று உலர் காற்றைவிடச் சற்று இலேசானது. (பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீராவி மூலக்கூறின் எடை 18, காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29 என்பதை நினைவில் வையுங்கள்.) ஆகையால் அடர்த்தியைப் பொறுத்தவரை இது 5 டிகிரி வேறுபாட்டுக்குச் சமம். கடற்காற்றின் தடிமன் 300 மீட்டர் என்றால், ஈர்ப்பு முடுக்கம் 9.8-ஐ 5/310-ஆலும் 300-ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க, நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வரும். தரையின் உராய்வும் எதிரே வீசும் மேல்காற்றும் இதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். மிஞ்சுவது நொடிக்கு 3 மீட்டர். மணிக்கு 10 அல்லது 11 கி.மீ. நடுத்தரமாக மிதிக்கும் சைக்கிளின் வேகம்.

நண்பகலில் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையைத் தாண்டும் முகப்பு, 14 கி.மீ. தள்ளியிருக்கும் தாம்பரத்தை ஏறக்குறைய 1.20-க்கு வந்து சேரும். காற்றாடியின் வால் மேற்குப் பக்கம் திரும்பும், வெப்பமானி சில நிமிடங்களில் நாலைந்து டிகிரி இறங்கும், வியர்வை காயாது. மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் முகப்பு கரையிலேயே தடைபட்டு இரண்டு, மூன்று மணிவரை நின்றுவிடுவதும் உண்டு. அன்றைக்குத்தான் நாம் வெந்து போகிறோம். 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் வெப்பநிலை 45 டிகிரியைத் தொட்டது.

சறுக்கு விமானி அஞ்சுவது ஏன் என்பது இப்போது புரியும். கடற்காற்று புகுந்த இடத்தில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துவிடுகிறது. அதற்கு மேல் சூடான காற்று மூடிபோல் கிடக்கிறது. தரையில் பிறக்கும் வெப்பத் தூண் அந்த மூடியைத் துளைத்துக்கொண்டு உயர முடியாது. முகப்பு கடந்துபோன பிறகு, வெயில் எவ்வளவு காய்ந்தாலும், அந்த வானம் விமானிக்குச் செத்த வானம்.

ஆனால் முகப்பின் நேர் மேலே? தொட்டியில் தெளிந்த நீர் மேலே தள்ளப்பட்டதைப் பார்த்தோமே, அதேபோல் சூடான காற்று ஒரு நீண்ட கோடாக மேலே தள்ளப்படுகிறது. வெப்பத் தூண் ஒரு கம்பம் என்றால் இது ஒரு சுவர். கடற்கரைக்கு இணையாகப் பல பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் சுவர். 1 கி.மீ. உயரத்துக்கு 35 கி.மீ. சறுக்கும் விமானம், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பறக்கையில் நொடிக்கு 0.8 மீட்டர்தான் இறங்கும். சுவர் நெடுகக் காற்று நொடிக்கு 1 மீட்டர் ஏறினால் போதும். வட்டமிட வேண்டிய தேவையே இல்லாமல் நேராகப் போய்க்கொண்டிருக்கலாம்!

காகிதத்தில் ஒரு பறப்பு

தாம்பரத்தில் விமானப்படைத் தளம், பக்கத்திலேயே மீனம்பாக்கம் விமான நிலையம். பொழுதுபோக்காகச் சறுக்கிப் பறக்க ஏற்ற வானம் அன்று இது. ஆகவே இந்தப் பறப்பை நாம் காகிதத்தில்தான் நடத்த வேண்டும். ஒரு நில வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இழுவை விமானம் 600 மீட்டர் உயரத்தில் கயிற்றை விட்டுவிடுகிறது. மணி 11.30. ஒன்றிரண்டு தூண்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு 12.30-க்கு மேற்கே காஞ்சிபுரம் நோக்கிப் புறப்படுகிறோம். இன்னும் 50 நிமிடத்தில் கடற்காற்று தாம்பரத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு கிளம்ப முடியாது. நேர்கோட்டில் 46 கி.மீ. எதிர்க்காற்று இருப்பதால் ஒரு மணி நேரம் ஆகலாம். கீழே படப்பை, ஒரகடம் தொழிற்சாலைக் கூரைகள். அவற்றின் சூட்டில் நல்ல தூண்கள் எழும். 1.30-க்குக் காஞ்சிபுரம். அங்கே தென்கிழக்கே திரும்பிப் பாலாற்றுப் பக்கமாகச் செங்கல்பட்டுக்கு 34 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் 2 மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். கடற்கரையிலிருந்து மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வரும் முகப்பு அப்போது ஊருக்கு 5 கி.மீ. கிழக்கே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத முகப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? மேகத்தைக் கொண்டுதான். தரைக்கருகில் காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிமட்டம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். உள்நாட்டுக் காற்று 39 டிகிரி, பனிநிலை 22 டிகிரி. 17-ஐ 125-ஆல் பெருக்க 2,125 மீட்டர். கடற்காற்று 33 டிகிரி, பனிநிலை 26 டிகிரி. 7-ஐ 125-ஆல் பெருக்க 875 மீட்டர். எனவே முகப்பு இருக்கும் இடத்தில், உயரத்தில் வரிசையாக நிற்கும் தட்டையடி மேகங்களுக்குக் கீழே, கடல் பக்கமாகக் கிழிந்த திரைச்சீலைபோல் தாழ்ந்த மேகத் துணுக்குகள் தொங்கும். திரைக்கு மேற்குப் பக்கம் ஒட்டிப் பறந்தால் வேரியோமீட்டர் முள் மேலே போகும். திரையைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டால் முள் கீழே விழும். இரண்டுக்கும் இடைவெளி சில நூறு மீட்டர்தான்.

பறவைகளும் காட்டிக்கொடுக்கும். காற்று மேலே வாரிச் செல்லும் பூச்சிகளை உண்ண உழவாரக் குருவிகள் முகப்பை ஒட்டிக் கூடுவதுண்டு என்று சிம்ப்சன் எழுதியிருக்கிறார். 2002-இல் சென்னையில் டாப்ளர் வானிலை ரேடார் வந்த பிறகு, கடற்காற்று முகப்பு அதன் திரையிலும் மெல்லிய கோடாகத் தெரிகிறது. மழைத்துளியே இல்லாத இடத்தில் ரேடாருக்கு எதிரொலி தருபவற்றில் இந்தப் பூச்சிகளுக்கும் பங்கு உண்டு!

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் மூன்றும் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில், 25 கி.மீ. சுமாரில், வரிசையாக இருக்கின்றன. விழுப்புரம் போகும் ரயில் பாதைதான் அந்த வரிசை. இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் முகப்பு அந்தப் பாதையின் மேல்தான் நகர்ந்துகொண்டிருக்கும். இரயில் பாதைக்கு மேலே இன்னொரு பாதை, அதுவும் நிலையமே இல்லாத பாதை! செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் 62 கி.மீ. வட்டமிடாமல் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால் 2.40-க்குத் திண்டிவனம்.

திரும்புவதுதான் சோதனை. முகப்பு நமக்காகக் காத்திருக்காது. நாம் அதன் மேல் சுகமாகப் போய்க்கொண்டிருக்கையில், அது நம்மை மணிக்கு 10 கி.மீ. வீதம் மேற்கே நகர்த்திக்கொண்டே இருக்கிறது. தாம்பரமோ செத்த வானத்துக்குள் கிடக்கிறது. முகப்பை விட்டுக் கிழக்கே திரும்பிவிட்டால், அதன் பிறகு ஒரு மீட்டர் உயரம்கூடத் திரும்பக் கிடைக்காது. கையிலுள்ள உயரத்தைக் கொண்டே வீடு சேர வேண்டும்.

எவ்வளவு உயரம் வேண்டும்? நம் விமானம் மணிக்கு 100 கி.மீ. ஓட 2.86 கி.மீ. உயரத்தைச் செலவழிக்கும். கடற்காற்று எதிரே 20 கி.மீ. வேகத்தில் வீசினால் தரைக்கணக்கில் 80 கி.மீ.தான் போவோம். 80-ஐ 2.86-ஆல் வகுக்க 28. அதாவது 28 கி.மீ. தொலைவுக்கு 1 கி.மீ. உயரம் தேவை. தரையிறங்கும்போது ஓடுபாதையைச் சுற்றிவரக் கைவசம் 300 மீட்டர் வேண்டும்.

அவசரக்காரர் செங்கல்பட்டுக்கு நேரே வந்ததும் தாம்பரத்தை நோக்கித் திரும்பிவிடுவார். அப்போது முகப்பு செங்கல்பட்டையும் தாண்டி மேற்கே போயிருக்கும். அங்கிருந்து தாம்பரம் 35 கி.மீ.க்குக் குறையாது. பொறுமைக்காரர் முகப்பை விடாமல் வடக்கே தொடர்வார். திருப்பெரும்புதூர் அருகே, தாம்பரத்துக்கு நேர் மேற்கே வரும்வரை போவார். மணி 3.35 ஆகியிருக்கும், முகப்பு கடற்கரையிலிருந்து 36 கி.மீ.இல் இருக்கும், அதில் 14-ஐக் கழித்தால் தாம்பரத்துக்கு 22 கி.மீ. தேவையான உயரம் 790 மீட்டரும் 300 மீட்டரும் சேர்ந்து ஏறக்குறைய 1,100 மீட்டர். மேகத்தின் அடிமட்டம் 2,100 மீட்டரில் இருப்பதால் தாராளமாகக் கிடைக்கும். கடற்காற்றின் மேலே மேல்காற்று இன்னும் கடலை நோக்கித்தான் வீசிக்கொண்டிருக்கும். உயரத்தில் இருக்கும்வரை அது நம்மைப் பின்னாலிருந்து தள்ளவும் செய்யும். அந்த இலாபத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் பழகிய விமானிகளின் வழக்கம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது; கடன் எழுதும் பேரேட்டில் பரிசுச் சீட்டை வரவு வைக்கக் கூடாது.

இன்னும் கொஞ்ச நேரம் பறக்கலாமே என்று ஆசைப்பட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் தொலைவில் 10 கி.மீ.யைக் கூட்டுகிறது, உயரத்தில் 360 மீட்டர் கடன். ஐந்தரை மணிக்கு முகப்பு காஞ்சிபுரத்தை நெருங்கியிருக்கும். தாம்பரம் 41 கி.மீ.; தேவையான உயரம் கிட்டத்தட்ட 1,800 மீட்டர். அதே நேரத்தில் வெயில் சாய்ந்து, தூண்கள் தளர்ந்து, கிடைக்கக்கூடிய உயரம் குறைந்துகொண்டே வரும். ஏறும் செலவும் இறங்கும் வருமானமும் ஏதோ ஒரு நிமிடத்தில் சந்திக்கும். அந்த நிமிடத்துக்குப் பிறகு தாம்பரம் எட்டாது. மணிமங்கலம் பக்கம் ஏதாவது ஒரு தரிசு வயலில் இறங்க வேண்டியதுதான். அறுவடை முடிந்த வயல் இப்படி இறங்க மிக ஏற்றது. ஆனால் தாம்பரத்தைச் சுற்றி இப்போது வயல்களைவிட வீட்டு மனைக் கற்களும் மின்கம்பிகளுமே அதிகம். மேலிருந்து பார்க்கையில் கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். கம்பங்களின் வரிசையைக் கண்டால் இடையே கம்பி இருப்பதாக வைத்துக்கொண்டு விலகிவிட வேண்டும்.

3.35-க்குத் திரும்பியவர் நான்கு மணி சுமாருக்குத் தாம்பரத்தில் இறங்கியிருப்பார். மொத்தத் தொலைவு 250 கி.மீ.க்கு மேல். செலவான எரிபொருள், தொடக்கத்தில் இழுவை விமானத்துக்கு ஊற்றியது மட்டும்.

மாலைக்குப் பிறகு

விமானத்தைக் கொட்டகையில் கட்டிய பிறகும் முகப்பு ஓய்வதில்லை. உயரத்தில் போதிய ஈரம் இருக்கும் நாட்களில், குறிப்பாகச் சூன் முதல் செப்டம்பர் வரை, அது மேலே தள்ளும் காற்று இரண்டு கிலோமீட்டரோடு நின்றுவிடாமல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி இடிமேகமாக வளர்கிறது. அந்த மேகத்துக்குள் காற்று நொடிக்கு 20 மீட்டருக்கு மேல்கூட ஏறும். பக்கத்திலேயே அதே மூர்க்கத்தோடு இறங்கவும் செய்யும். எந்தச் சறுக்கு விமானியும் அதன் பக்கம் போகமாட்டான். பருந்துகளும் அதற்கு முன்பே இறங்கிவிடும்.

மேகம் பிறப்பது காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கத்தில். ஆனால் உயரத்தில் வீசுவது மேல்காற்று என்பதால், வளர்ந்த மேகம் வந்த வழியே கடலை நோக்கித் திரும்புகிறது. ஏழு மணிக்கு மாடியில் நின்றால் மேற்கே அடிவானத்தில் ஓசையில்லாத மின்னல் தெரியும். மின்னலுக்கும் இடிக்கும் இடையிலுள்ள நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் மேகம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கிடைக்கும். எண்ணிக்கை 30, 20, 10 என்று குறைந்துகொண்டே வந்தால், மழையோடு இறங்கிய குளிர்காற்று முதலில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும். அதற்குப் பிறகு சில நிமிடங்களில் தாம்பரத்தில் மழை.